கணவருக்குக் கனடாவில் வேலை: மனைவிக்கும் வேலை அனுமதி கிடைக்குமா?



"அவருக்குக் கனடாவில் வேலை சரிவந்துவிட்டது. முதலில் அவர் போவார். ஒரு வருடத்தில் என்னையும் பிள்ளைகளையும் கூப்பிடுவார். அங்கே நானும் வேலை செய்யலாமாம்."

இப்படியான பேச்சை இன்று நமது ஊர்களில் அடிக்கடி கேட்க முடிகிறது. கணவன் ஒரு நாட்டிலும் மனைவி மக்கள் ஒரு நாட்டிலுமாக வாழ்ந்து களைத்துப்போன சமூகம் நாம். வளைகுடாவுக்குப் போன வாப்பாவை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கண்டு வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆகவே குடும்பமாகவே போய் வாழலாம், இருவரும் உழைக்கலாம் என்ற செய்தி காதில் விழுந்ததும் மனம் மகிழ்வது இயல்பே. அந்த மகிழ்ச்சியில் மஹர் நகை அடகுக்குப் போகிறது. சீதன வீட்டின் உறுதி ஈட்டுக்குப் போகிறது. முகவரின் கைக்கு இலட்சங்கள் மாறுகின்றன.

ஆனால் "நானும் வேலை செய்யலாமாம்" என்பதில் உள்ள அந்த "ஆம்" எங்கிருந்து வந்தது? யார் சொன்னது? எந்த வருடத்துச் சட்டத்தை வைத்துச் சொன்னது? இதைத்தான் நாம் கேட்பதில்லை. 2023ஆம் ஆண்டில் உண்மையாக இருந்த ஒரு செய்தி 2025 ஜனவரி 21ஆம் திகதியோடு பலருக்குப் பொய்யாகிவிட்டது. பணம் கொடுப்பதற்கு முன் இதை விளங்கிக்கொள்வது ஒவ்வொரு குடும்பத் தலைவிக்கும் அவசியமாகும்.

திறந்த அனுமதி என்றால் என்ன?

கனடாவுக்குத் தற்காலிகத் தொழிலாளியாகப் போகும் ஒருவருக்குப் பொதுவாகக் கிடைப்பது, குறித்த ஒரு தொழில் வழங்குநரிடம் மட்டும் வேலை செய்யும் அனுமதிப்பத்திரமாகும். அதில் கம்பனியின் பெயரும் தொழிலின் பெயரும் இருக்கும். வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது.

அவருடைய மனைவிக்குத் தகுதி இருந்தால் கிடைப்பதோ "திறந்த வேலை அனுமதிப்பத்திரம்". அதைக் கொண்டு அவர் பெரும்பாலும் எந்தத் தொழில் வழங்குநரிடமும் வேலை செய்யலாம். விரும்பினால் ஓர் இடத்தை விட்டு இன்னோர் இடத்துக்கு மாறலாம். முன்கூட்டியே வேலை தேடி வைத்திருக்க வேண்டியதும் இல்லை. வளைகுடா நிலைமையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். உதாரணமாக, ஐக்கிய அரபு இராச்சியத்தில் கணவரின் பொறுப்பில் வதிவிட விசாவோடு இருக்கும் மனைவி வேலைக்குப் போவதானால், அவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் அவருக்கென்று தனியாக வேலை அனுமதி எடுக்க வேண்டும்.

இவ்வளவு வசதியான அனுமதி என்பதால்தான் அதை யாருக்குக் கொடுப்பது என்பதில் கனடா அரசாங்கம் கைவைத்திருக்கிறது.

வாசல் திறந்ததும் மூடியதும்

முன்பு, உயர்ந்த தேர்ச்சி வேண்டும் தொழில்களில் இருப்போரின் மனைவிமாருக்கே பொதுவாக இந்த அனுமதி கிடைத்து வந்தது. கொவிட் காலத்துக்குப் பின் ஆட்பற்றாக்குறை ஏற்பட்டதால், எல்லாத் தரத் தொழிலாளரின் குடும்பங்களுக்கும் இதை விரிவாக்கப் போவதாக 2022 டிசம்பரில் அறிவித்தார்கள். 2023 ஜனவரி 30ஆம் திகதி தொடக்கம் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. வேலை செய்யும் வயதை அடைந்த பிள்ளைகளுக்கும் அனுமதி கிடைத்தது. "கணவர் எந்த வேலைக்குப் போனாலும் மனைவிக்கும் வேலை" என்ற பேச்சு பிறந்தது அந்தக் காலத்தில்தான்.

பிறகு வீட்டு வாடகை ஏறியது, வேலையின்மை கூடியது, தற்காலிகக் குடியேறிகளின் தொகையைக் குறைக்க வேண்டும் என்ற குரல் அந்த நாட்டில் எழுந்தது. 2025 ஜனவரி 21ஆம் திகதி முதல் விதி இறுக்கப்பட்டது. அன்றிலிருந்து முக்கியமாக இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. கணவரின் தொழில் எந்தப் படியில் இருக்கிறது? அவருடைய அனுமதிப்பத்திரத்தில் இன்னும் எத்தனை மாதம் மீதி இருக்கிறது? தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத் திறந்த அனுமதி கொடுப்பதும் அன்றோடு நிறுத்தப்பட்டது.

முதலாவது கேள்வி: எந்தப் படி?

கனடா தனது நாட்டிலுள்ள தொழில்களை எல்லாம் "டீயர்" என்ற பெயரில் 0 முதல் 5 வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறது. 0 என்பது முகாமையாளர்கள். 1 என்பது பொதுவாகப் பல்கலைக்கழகப் பட்டம் தேவைப்படும் தொழில்கள். பொறியியலாளர், கணக்காளர், பதிவுபெற்ற தாதி போன்றோர் இதில் அடங்குவர். 2, 3 என்பன தொழிற்பயிற்சியோ கல்லூரிப் படிப்போ தேவைப்படுபவை. 4, 5 என்பன குறைந்த பயிற்சியோடு செய்யக்கூடியவை. தோட்டத்தில் பழம் பறிப்பதும் உணவகத்தில் பரிமாறுவதும் இந்தக் கீழ்ப்படிகளைச் சேர்ந்தவை.

கணவரின் தொழில் 0 அல்லது 1ஆம் படியில் இருந்தால் இந்த முதற் கேள்வியில் மனைவி தேறிவிடுகிறார். 2ஆம், 3ஆம் படி என்றால் எல்லாத் தொழிலுக்கும் இல்லை; அரசாங்கம் பட்டியலிட்டவற்றுக்கு மட்டுமே உண்டு. இயற்கை மற்றும் பிரயோக விஞ்ஞானம், கட்டட நிர்மாணம், சுகாதாரம், இயற்கை வளம், கல்வி, விளையாட்டு, இராணுவம் ஆகிய துறைகளில் தெரிந்தெடுக்கப்பட்டவையே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 4ஆம், 5ஆம் படியில் உள்ளவரின் மனைவிக்கு இந்த வழியில் அனுமதி இல்லை.

இங்கே நமது குடும்பங்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உணவகச் சமையற்காரர் என்பது 3ஆம் படித் தொழில். "3ஆம் படிக்கு உண்டு" என்று யாராவது சொன்னால் அது அரை உண்மைதான். ஏனெனில் உணவகத் தொழில் மேலே சொன்ன துறைகளில் அடங்குவதில்லை. தச்சு வேலை செய்பவருக்கும் சமையல் வேலை செய்பவருக்கும் சம்பளம் ஒன்றாக இருக்கலாம். இருவரின் மனைவிமாருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இராது. ஆகவே கணவரின் வேலைக் கடிதத்தில் உள்ள தொழிலின் பெயரையும், அதற்குரிய ஐந்து இலக்கத் தொழில் வகைப்பாட்டு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணின் இரண்டாவது இலக்கமே படியைக் காட்டும். கனடா குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அந்தப் பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம் படித்த மகனோ மகளோ சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இரண்டாவது கேள்வி: எத்தனை மாதம் மீதி?

மனைவி விண்ணப்பிக்கும் நாளில் கணவரின் வேலை அனுமதி முடிவதற்கு ஆகக் குறைந்தது 16 மாதம் மீதி இருக்க வேண்டும். இது கேட்பதற்குச் சிறிய விடயம் போலத் தோன்றும். ஆனால் நமது பழக்கத்துக்கு நேர் மாறானது இதுதான்.

கணக்கைப் பாருங்கள். கணவருக்கு இரண்டு வருட, அதாவது 24 மாத அனுமதி கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 24இல் 16ஐக் கழித்தால் மீதி 8. ஆக, அந்த அனுமதி தொடங்கிய நாளிலிருந்து 8 மாதத்துக்குள் மனைவி விண்ணப்பித்தாக வேண்டும். "முதலில் அவர் போகட்டும், ஒரு வருடம் உழைத்து வீடு எடுத்துச் சாமான் வாங்கி வைக்கட்டும், பிறகு நாங்கள் போவோம்" என்பதுதான் வளைகுடா நமக்குக் கற்றுத் தந்த வழக்கம். அந்த வழக்கப்படி ஒரு வருடம் காத்திருந்தால் கையில் 12 மாதமே மீதி இருக்கும். கணவரின் தொழில் 1ஆம் படியாக இருந்தாலும் விண்ணப்பம் மறுக்கப்படும். ஒரு வருட அனுமதி மட்டும் கிடைத்தவரின் மனைவிக்கோ இந்த வழி முதல் நாளிலேயே அடைபட்டிருக்கிறது.

கணவர் தமது அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டால் புதிய பத்திரத்தின் காலம் கணக்கில் எடுக்கப்படும் என்பது உண்மையே. ஆனால் புதுப்பிப்பது அவர் கையில் மட்டும் உள்ள காரியமல்ல. கம்பனியும் அரசாங்கமும் இணங்க வேண்டும். ஆகவே குடும்பமாகப் போகும் எண்ணம் இருந்தால், கணவர் விண்ணப்பிக்கும்போதே மனைவியும் சேர்ந்து விண்ணப்பிக்க முடியுமா என்று முதலிலேயே ஆராய்ந்து பாருங்கள். அதற்கு அங்கே இடமுண்டு.

கணவர் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்து அதற்குரிய விசேட அனுமதியில் இருந்தால் அவரது மனைவிக்கான விதி வேறு. அவ்வாறே, கணவர் மாணவராகப் போகிறார் என்றால் அதற்கும் தனி விதி. 16 மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும் முதுமாணிப் படிப்பு, கலாநிதிப் படிப்பு, குறிப்பிட்ட சில தொழில்சார் பட்டப்படிப்புகள் ஆகியவற்றைப் படிப்போரின் துணைவருக்கே இப்போது திறந்த அனுமதி கிடைக்கிறது. "கல்லூரியில் ஒரு டிப்ளோமாவுக்குச் சேர்த்துவிடுகிறோம், மனைவி முழுநேரம் உழைக்கலாம்" என்று இன்றும் கூறித்திரியும் முகவர்கள் பழைய காலத்துக் கதையை விற்கிறார்கள்.

நிக்காஹ் பதிவு: நமக்கே உரிய சிக்கல்கள்

மேலே சொன்ன இரண்டிலும் தேறினாலும், நீங்கள் அவருடைய மனைவி என்பதைப் பத்திரத்தால் நிரூபிக்க வேண்டும். நமது நாட்டின் 1951ஆம் ஆண்டு 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, பதியவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு நிக்காஹ் செல்லாததாகிவிடாது. இதை வைத்துக்கொண்டு பதிவைப் பின்போடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஊருக்கு உங்களைத் தெரியும். ஒட்டாவாவில் இருக்கும் அதிகாரிக்குத் தெரியாது. அவர் கேட்பது விவாகப் பதிவுச் சான்றிதழையும், அது தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் அதன் ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும்தான். கடவுச்சீட்டில் உள்ள பெயரும் விவாகப் பத்திரத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்றும் இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விடயம் தொலைபேசி நிக்காஹ். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்க, தொலைபேசியிலோ காணொளியிலோ நிக்காஹ் முடிப்பது சில இடங்களில் நடக்கிறது. 2015 ஜூன் மாதம் முதல் கனடாவின் குடிவரவுச் சட்டம் இப்படியான திருமணங்களை ஏற்பதில்லை. வக்கீல் வைத்துச் செய்வதும் அவ்வாறே. மணமகன், மணமகள் இருவரும் திருமண நிகழ்வில் நேரில் இருந்திருக்க வேண்டும். தமது ஆயுதப் படையினருக்கு மட்டும் அவர்கள் விலக்கு வைத்திருக்கிறார்கள்.

நமது வழக்கத்தில் மாப்பிள்ளை பள்ளிவாசலிலும் மணமகள் தமது வீட்டிலுமாக இருக்க, வலி நிக்காஹ் செய்து கொடுப்பதுண்டு. மார்க்கத்தில் அதில் குறையில்லை. எனினும் மகளை வெளிநாட்டில் வாழும் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் பெற்றோர், நிக்காஹ் நடக்கும் அதே இடத்தில் மணமகளும் பெண்களுக்கான பகுதியில் இருக்கும்படி ஏற்பாடு செய்வதும், அதற்குரிய சாட்சியங்களைப் பேணி வைப்பதும் புத்திசாலித்தனம். பின்னர் கேள்வி எழுந்தால் விடை கையில் இருக்கும்.

மூன்றாவது, 18 வயதுக்குக் குறைந்த மனைவியைக் கனடா துணைவியாக ஏற்பதில்லை. நான்காவது, முதல் மனைவி இருக்கும்போது மணம் முடித்த இரண்டாவது மனைவியையும் அந்தச் சட்டம் ஏற்பதில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் இவற்றை நிக்காஹ்வுக்கு முன் தெரிந்திருக்க வேண்டும். மகள் விமானம் ஏற நிற்கும்போது தெரிந்துகொண்டு என்ன பயன்?

எவ்வளவு பணம்? யாரிடம்?

திறந்த வேலை அனுமதிக்கு அரசாங்கம் அறவிடும் கட்டணம் 155 டொலரும், திறந்த அனுமதிக்கென மேலதிகமாக 100 டொலருமாக மொத்தம் 255 கனடிய டொலர். கைரேகை, புகைப்படப் பதிவுக்கு ஒருவருக்கு 85 டொலர். மருத்துவப் பரிசோதனைச் செலவும் மொழிபெயர்ப்புச் செலவும் வேறு. இதற்கு மேல் கேட்கப்படும் ஒவ்வோர் இலட்சத்துக்கும் "இது எதற்கு?" என்று கேளுங்கள்.

தொழில் வழங்குநர் வெளிநாட்டவரை எடுப்பதற்கு முன் அரசாங்கத்திடம் பெறும் தொழிற்சந்தை மதிப்பீட்டுக்கான கட்டணம் 1000 டொலர். அது முதலாளி கட்ட வேண்டியது. தொழிலாளியிடம் அறவிட அங்கே தடை இருக்கிறது. அந்தக் கடிதத்தை உங்களுக்கு "விற்க" வருபவர் சட்டத்துக்கு மாறாகவே நடக்கிறார்.

பணம் பெற்றுக்கொண்டு கனடா குடிவரவு விடயத்தில் ஒருவருக்காக ஆஜராக, அந்த நாட்டுச் சட்டத்தரணிகள் போன்றோருக்கும், குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியில் அனுமதி பெற்றவர்களுக்குமே உரிமை உண்டு. அந்த அனுமதி எண்ணைக் கேளுங்கள். இங்குள்ள முகவராயின் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா என்று பாருங்கள். "கணவரின் தொழிலை முகாமையாளர் என்று எழுதிவிடுவோம்" என்று சொல்பவரிடம் ஒருபோதும் இணங்காதீர்கள். பொய்த் தகவல் கொடுத்ததாகக் கண்டால் ஐந்து வருடம் அந்த நாட்டுக்குள் நுழையத் தடை விதிக்கப்படலாம். பொய் ஹராம் என்பது ஒரு புறமிருக்க, அதன் தண்டனையையும் முகவரல்ல, நீங்களே அனுபவிப்பீர்கள்.

"விசிட் விசாவில் போய்விட்டு அங்கே கைக்காசுக்கு வேலை செய்யலாம்" என்பதும் இதே வகையைச் சேர்ந்தது. வருகை விசாவில் உள்ளவருக்கு அங்கே தொழில் செய்ய உரிமை இல்லை. பிடிபட்டால் பாதிப்பது உங்களை மட்டுமல்ல. கணவரோடு நீங்கள் எதிர்காலத்தில் செய்யும் விண்ணப்பங்களையும் பாதிக்கும். சம்பளம் தராமல் ஏமாற்றினாலும் முறையிட அஞ்சி நிற்பீர்கள்.

கிடைத்த பின்பு

அனுமதி கிடைத்தால் எல்லாம் முடிந்ததென்று எண்ணிவிடாதீர்கள். பாடசாலை, பாலர் பராமரிப்பு, சுகாதாரம் ஆகிய இடங்களில் வேலை செய்வதானால் மருத்துவப் பரிசோதனையில் தேறியிருக்க வேண்டும். இங்கே ஆசிரியையாகவோ தாதியாகவோ இருந்த சகோதரி, அங்கே அதே தொழிலைச் செய்ய அந்தந்த மாகாணத்தின் பதிவைத் தனியாகப் பெற வேண்டும். திறந்த அனுமதி வேலைக்கான வாசலைத் திறக்கும். தொழிற் தகுதியைத் தராது. மனைவியின் அனுமதி பொதுவாகக் கணவரின் அனுமதி முடியும் திகதியோடு முடியும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சகோதரிகளே, இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் வேலைக்குப் போவதா இல்லையா என்பது இருவரும் மஷூரா செய்து தீர்மானிக்க வேண்டிய விடயம். ஆனால் மனைவி உழைப்பதால் குடும்பத்தைப் பராமரிக்கும் கடமை கணவனை விட்டு நீங்குவதில்லை. உங்கள் உழைப்பின் ஊதியமும், நீங்கள் பெற்ற மஹரும் உங்கள் சொத்துகள். விரும்பிக் கொடுத்தால் அது உங்கள் நன்மை. நிர்ப்பந்தித்துப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆகவே முகவருக்குக் கொடுக்க உங்கள் நகை கேட்கப்படும்போது, மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் விடை கேட்பது கணவரை அவமதிப்பதாகாது. அது உங்கள் உரிமை.

அந்நிய நாட்டில் வீட்டுக்குள்ளேயே துன்புறுத்தப்படும் பெண், "எனது விசா அவருடையதோடு கட்டப்பட்டது" என்று எண்ணி வாய்மூடி இருக்கத் தேவையில்லை. குடும்ப வன்முறைக்கு ஆளானோருக்கென 2019 ஜூலை முதல் கனடா கட்டணமில்லாத தற்காலிக வதிவிட அனுமதி வழங்குகிறது. அது ஆகக் குறைந்தது ஆறு மாதத்துக்குரியது. அதனுடன் வேலை அனுமதிக்கும் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் மகளைக் கட்டிக்கொடுத்த ஒவ்வோர் உம்மாவும் இதை அறிந்திருப்பது நல்லது.

மற்ற நாட்டுச் செய்தியைக் கலக்காதீர்கள்

"லண்டனில் என் தங்கை வேலை செய்கிறாளே" என்பது கனடாவுக்குச் சான்றாகாது. அங்கும் விதிகள் மாறிவிட்டன. பராமரிப்புத் தொழிலாளராக 2024 மார்ச் 11ஆம் திகதிக்குப் பின் புதிதாக விண்ணப்பித்தவர்கள் மனைவி மக்களை அழைக்க முடியாது. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் உள்ளவரின் மனைவிக்கு, கணவரின் நிரந்தர வதிவிட முயற்சி குறிப்பிட்ட ஒரு கட்டத்தை எட்டியிருந்தால்தான் வேலை அனுமதி கிடைக்கும். அதுவும் 2015ஆம் ஆண்டிலேயே வந்த விதி. நாட்டுக்கு நாடு வேறு, வருடத்துக்கு வருடம் வேறு. நீங்கள் விண்ணப்பிக்கும் மாதத்தில் உள்ள விதியை அந்த நாட்டு அரசாங்கத்தின் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நகைப்பெட்டியைத் திறப்பதற்கு முன் கணவரின் கடிதத்தைத் திறந்து பாருங்கள். தொழில் எந்தப் படி? பத்திரத்தில் எத்தனை மாதம்? விடை சாதகமாக இருந்தால் நாளைக் கடத்தாமல் சேர்ந்து விண்ணப்பியுங்கள். பாதகமாக இருந்தால் கடன்படாமல் ஊரிலேயே இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, கணவரின் தொழில் தரம் உயர வழி தேடுங்கள். பொய்யான நம்பிக்கையில் வீட்டை இழப்பதைவிட உண்மை அறிந்து பொறுமையோடு இருப்பது மேல்.

பிரிந்திருக்கும் குடும்பங்கள் அனைத்தையும் அல்லாஹ் நலவான வழியில் ஒன்றுசேர்த்து வைப்பானாக!